வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு: கவுன்சில் கேட்கும் ஆவணங்களுக்குப் பதில் சொல்வது எப்படி?

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுத்துத் தேறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, மாநில மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்குவது. விண்ணப்பம் போட்டுச் சில வாரம் கழித்து, "கீழ்க்கண்ட ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும்" என்று ஒரு குறிப்பு வரும். நான்கு வரிதான் இருக்கும். அந்த நான்கு வரிக்குத் தப்பான பதில் போனால் இன்னொரு நான்கு வரி வரும். இப்படியே இன்டர்ன்ஷிப் இடங்கள் நிரம்பி, ஒரு சுற்று கைவிட்டுப் போனவர்கள் உண்டு.

ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், கஜகஸ்தான், பிலிப்பைன்ஸ், உக்ரைன் போன்ற நாடுகளில் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் பதிவு செய்ய வருபவர்களுக்காக இதை எழுதுகிறோம். கடைசி ஆண்டில் இருப்பவர்கள் இப்போதே படித்துவிடுவது நல்லது. ஊர் திரும்பிய பிறகு ஒரு மாதம் இழுக்கும் வேலையை அங்கே இருக்கும்போது ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

கேள்வி வரும் மூன்று வாசல்கள்

முதல் வாசல் தேர்வு விண்ணப்பம். எஃப்.எம்.ஜி.இ. நடத்தும் தேசியத் தேர்வு வாரியம் விண்ணப்பத்தோடு பட்டச் சான்று, பாஸ்போர்ட், தகுதிச் சான்று அல்லது நீட் மதிப்பெண் அட்டை போன்றவற்றைக் கேட்கும். குறை இருந்தால் அதைச் சரிசெய்யக் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரு வாய்ப்புத் தரும். இரண்டாவது, கவுன்சிலில் தற்காலிகப் பதிவு. ஆழமான சோதனை இங்கேதான். மூன்றாவது, இந்தியாவில் இன்டர்ன்ஷிப் முடித்தபின் நிரந்தரப் பதிவு. முதல் வாசலில் ஏற்றுக்கொண்ட ஆவணத்தை இரண்டாவது வாசலில் மறுக்கலாம். தேர்வு வாரியம் உங்களைப் பரீட்சை எழுத விடலாமா என்று மட்டும் பார்க்கிறது. கவுன்சில் உங்களை நோயாளியைத் தொட விடலாமா என்று பார்க்கிறது. ஆகவே "தேர்வுக்கு இதைத்தானே கொடுத்தேன்" என்ற வாதம் செல்லாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

2022 டிசம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறை ஒரு வழக்குப் பதிவு செய்தது. ஸ்க்ரீனிங் டெஸ்டில் (எஃப்.எம்.ஜி.இ.) தேறாமலேயே பதிவு பெற்றார்கள் என்று வெளிநாட்டில் படித்த 73 பேர் மீதும், 14 மாநில மருத்துவ கவுன்சில்கள் தொடர்பாகவும் போடப்பட்ட வழக்கு அது. கையெழுத்துப் போடுபவரே பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தபின், ஒரு எழுத்து மாறினாலும் கோப்பைத் திருப்பி அனுப்புவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. இதில் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. ஃபைலைப் பார்ப்பவருக்கு ரஷ்ய மொழியோ ஜார்ஜிய மொழியோ தெரியாது. உங்கள் கல்லூரியை அவர் பார்த்ததும் இல்லை. காகிதத்தை மட்டும் வைத்து அவர் மூன்று விஷயங்களை உறுதி செய்ய வேண்டும்: இந்தக் காகிதத்தில் இருப்பவர் இவர்தானா, காகிதத்தைக் கொடுத்தது அந்தப் பல்கலைக்கழகம்தானா, சொல்லியிருக்கும் காலம் முழுக்க இவர் அங்கே இருந்து படித்தாரா.

கவுன்சிலின் எந்தக் குறிப்பை எடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் அடியில் இருக்கும். எது என்று கண்டுபிடித்தால் எந்தக் காகிதம் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

எந்த விதி உங்களுக்குப் பொருந்தும்?

தேசிய மருத்துவ ஆணையத்தின் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரி உரிம ஒழுங்குமுறை 2021 நவம்பர் 18 அன்று வெளியானது. அதற்கு முன்பே சேர்ந்தவர்களுக்கு அது பொருந்தாது. பின்னர் சேர்ந்தவர்களுக்கு நிபந்தனைகள் இவை: படிப்பு குறைந்தது 54 மாதம், அதற்கு மேல் அதே நிறுவனத்தில் 12 மாதம் இன்டர்ன்ஷிப், பயிற்று மொழி ஆங்கிலம், படிப்பின் எந்தப் பகுதியையும் இந்தியாவிலோ வேறு நாட்டிலோ செய்திருக்கக் கூடாது, அந்த நாட்டுக் குடிமகனுக்குக் கிடைப்பதற்கு இணையான மருத்துவ உரிமம் பெறும் தகுதி வேண்டும், இந்தியாவில் மறுபடி 12 மாதம் இன்டர்ன்ஷிப், எல்லாவற்றையும் சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும்.

இதனால் 2021 இலையுதிர் காலத்தில் சேர்ந்தவர்களுக்கு ஒரே ஒரு தேதி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வகுப்பு எப்போது தொடங்கியது, விசா எப்போது வந்தது என்பதெல்லாம் துணைச் சான்றுதான். கல்லூரி உங்களைச் சேர்த்துக்கொண்டதாகப் பிறப்பித்த ஆணையின் எண்ணும் தேதியும் முதல் சான்று. ரஷ்யா, கிர்கிஸ்தான் போன்ற இடங்களில் ஒவ்வொரு சேர்க்கைக்கும் எண்ணிட்ட ஆணை உண்டு. அதன் நகலை டீன் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் தந்த "அட்மிஷன் லெட்டர்" அதற்கு ஈடாகாது. அது வெறும் அழைப்புக் கடிதம். சேர்க்கைக்கு மாதங்களுக்கு முன்பே வந்திருக்கும்.

பிலிப்பைன்ஸில் படித்தவர்கள் கூட்டல் கணக்கைக் கவனமாகப் போட வேண்டும். அங்கே மருத்துவத்துக்கு முன் படிக்கும் பி.எஸ். பட்டப் படிப்பை மருத்துவப் படிப்போடு சேர்த்துக் கணக்கிட முடியாது. அங்கே எம்.டி. என்பதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்; அது 4 ஆண்டு என்றால் 48 மாதம்தான், 54 வராது. புதிய விதிக்குள் வருபவர்களுக்கு இதை எந்த விளக்கக் கடிதமும் சரிசெய்யாது.

நீட் விஷயத்திலும் ஒரு தேதி ஒளிந்திருக்கிறது. வெளிநாட்டில் சேர நீட் மதிப்பெண் முடிவு வெளியான நாளிலிருந்து 3 ஆண்டு செல்லும். சேர்க்கை ஆணையின் தேதி அந்த 3 ஆண்டுக்குள் விழ வேண்டும். 2018-ல் தேர்வு எழுதியவர்களின் அட்டை சி.பி.எஸ்.இ. கொடுத்தது, 2019 முதல் தேசியத் தேர்வு முகமை (என்.டி.ஏ.) கொடுப்பது. பழைய அட்டையில் வேறு அமைப்பின் பெயர் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நீட் கட்டாயமாவதற்கு முன் போனவர்கள் பழைய இந்திய மருத்துவ கவுன்சிலின் தகுதிச் சான்றிதழைத் தேடி எடுக்க வேண்டும்.

பெயர்: பாதிக் கேள்வி இங்கேதான்

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. உலகத்தின் படிவங்களுக்கு இது புரிவதில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கார்த்திகேயன் ஆர்." என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் பெயர் கார்த்திகேயன், குடும்பப் பெயர் ராமசாமி. ரஷ்யப் பட்டத்தில் வரிசை மாறி "ராமசாமி கார்த்திகேயன்" என்று ரஷ்ய மொழியின் சிரிலிக் எழுத்தில் இருக்கும். அதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்துக்குத் திருப்பும்போது பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் ஒலியை வைத்து எழுதுவார். மூன்று காகிதம், மூன்று மனிதர்கள்.

சிரிலிக் வழியாகப் போய் வரும்போது எழுத்துகள் சிதைவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பிழையை நீங்களே முதலில் பிடித்துவிடலாம். ஆங்கில ஜே எழுத்துக்கு ரஷ்யனில் தனி எழுத்து இல்லை; இரண்டு எழுத்தாக எழுதுவார்கள். திரும்பி வரும்போது அது டி (D), இசட் (Z), எச் (H) என்று மூன்று எழுத்தாகும். விஜய், ராஜேஷ், ஜெயந்தி எல்லோரும் இதில் மாட்டுவார்கள். எச் ஒலிக்கும் தனி எழுத்து இல்லை. அது கே, எச் ஆகத் திரும்பும். மகாலட்சுமியும் ஹரிஹரனும் அப்படித்தான் அடையாளம் மாறுகிறார்கள். டி-எச் (TH) என்று நாம் எழுதும் த, வெறும் டி (T) ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், ழகரத்துக்கு நாம் போடும் இசட்-எச் மட்டும் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அங்கே அதை ஏதோ வேறு ஒலியாகப் படித்தாலும், எழுத்து மாறாமல் திரும்பி வரும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். கடைசி ஆயுதத்தை முதலில் எடுக்காதீர்கள்.

முதலில் மொழிபெயர்ப்பைத் திருத்துங்கள். மூலப் பட்டம் சரியாக இருந்து ஆங்கில மொழிபெயர்ப்பில் மட்டும் எழுத்து மாறியிருந்தால், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே போடும்படி சொல்லி, நோட்டரி முன் புது மொழிபெயர்ப்பு வாங்கினால் கதை முடிந்தது. பலர் இதை விட்டுவிட்டுப் பிரமாணப் பத்திரத்துக்கு ஓடுகிறார்கள்.

மூலத்திலேயே தவறு என்றால் பல்கலைக்கழகத்திடம் கடிதம். "பட்ட எண் இன்னது, அதில் இன்ன பெயரில் குறிப்பிடப்பட்டவரும், பாஸ்போர்ட் எண் இன்னதை உடையவரும் ஒருவரே" என்று அது சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் இல்லாத கடிதத்தால் பயனில்லை.

இன்ஷியல் விரிவு மட்டும்தான் பிரச்சினை என்றால், தந்தை பெயர் வரும் பிறப்புச் சான்றிதழும் பள்ளி மாற்றுச் சான்றிதழும், கூடவே நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரமும் போதுமானவை. ஆர். என்பது ராமசாமி, அவர் என் தந்தை, இந்த இந்த ஆவணங்களில் உள்ள இந்த இந்தப் பெயர்கள் அனைத்தும் என்னையே குறிக்கும் என்று ஒவ்வொரு வடிவத்தையும் எழுத்துப் பிசகாமல் பத்திரத்தில் அடுக்குங்கள். ஒரு வடிவத்தை விட்டுவிட்டால் அடுத்த குறிப்பு அதற்காகவே வரும்.

அரசிதழில் பெயர் மாற்றம் என்பது உண்மையிலேயே பெயரை மாற்றியவர்களுக்கு. எழுத்துப் பிழைக்காக அரசிதழ் போட்டால், பழைய பெயர், புதிய பெயர் என இரண்டு அடையாளம் உருவாகிப் புதுச் சிக்கல் பிறக்கும்.

கல்யாணம் ஆகிக் கணவர் பெயரைச் சேர்த்துப் பாஸ்போர்ட் புதுப்பிக்க நினைக்கும் பெண்கள், முடிந்தால் பதிவு முடியும்வரை பொறுங்கள். மாற்றிவிட்டீர்கள் என்றால் பழைய பாஸ்போர்ட், பதிவுத் திருமணச் சான்று இரண்டையும் கேட்காமலேயே இணைத்துவிடுங்கள்.

தேதி எழுதும் முறையையும் பாருங்கள். ரஷ்யாவில் நாள், மாதம், ஆண்டு. பிலிப்பைன்ஸில் மாதம் முதலில் வருவது வழக்கம். 07/04/1999 என்பது ஏப்ரலா, ஜூலையா? மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லி வாங்கினால் இந்தக் கேள்வியே எழாது.

அபோஸ்டில்: ஒட்டியிருந்தால் மட்டும் போதாது

"அபோஸ்டில் செய்த பட்டச் சான்றைச் சமர்ப்பிக்கவும்" என்று குறிப்பு வருகிறது. "செய்துதானே இருக்கிறேன்" என்று அதே காகிதத்தை மறுபடி அனுப்புகிறார்கள். கோளாறு அபோஸ்டில் எதன் மேல் இருக்கிறது என்பதில்.

அபோஸ்டில் என்பது 1961 அக்டோபர் 5 ஹேக் உடன்படிக்கையின்படி ஒரு நாடு தரும் சான்று. தலைப்பு பிரெஞ்சு மொழியில் இருக்கும். கீழே எண்ணிட்ட 10 வரிகள். 1 நாடு, 2 கையெழுத்திட்டவர், 3 அவருடைய பதவி, 4 யாருடைய முத்திரை, 5 இடம், 6 தேதி, 7 சான்றளித்தவர், 8 வரிசை எண், 9 முத்திரை, 10 கையெழுத்து. நீங்கள் பார்க்க வேண்டியது 3-வது வரி. அங்கே ரெக்டர் (பல்கலைக்கழகத் தலைவர்) என்றோ பல்கலைக்கழக அதிகாரி என்றோ இருந்தால், அந்த அபோஸ்டில் உங்கள் பட்டத்துக்கானது. நோட்டரி என்று இருந்தால், அது நகலிலோ மொழிபெயர்ப்பிலோ நோட்டரி போட்ட கையெழுத்துக்கு மட்டும் சான்று. பட்டம் உண்மையா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நகலில் போடுவது வேகமாக முடிவதால் ஏஜென்ட்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்து தருகிறார்கள்.

நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். ரஷ்யாவில் மூலக் கல்விச் சான்றிதழ்களுக்குக் கல்வித் துறை அதிகாரிகளும், நோட்டரி நகல்களுக்கு நீதித் துறையும் அபோஸ்டில் போடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு கவுன்டர். பிலிப்பைன்ஸ் 2019 மே 14 முதல் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. அங்கே முதலில் உயர்கல்வி ஆணையத்தின் சரிபார்ப்புச் சான்று, பிறகு வெளியுறவுத் துறை அபோஸ்டில். நேராக இரண்டாவது இடத்துக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

பட்டத்துக்கு மட்டும் போட்டு மதிப்பெண் இணைப்பை விட்டுவிடுவது அடுத்த தவறு. ரஷ்யப் பட்டத்தோடு வரும் பாடவாரி இணைப்பு தனி ஆவணம்; அதற்கும் தனி அபோஸ்டில் வேண்டும்.

ஆவணங்களை லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையின் புடைப்பைத் தடவிப் பார்க்க முடியாத காகிதத்தை யாரும் நம்ப மாட்டார்கள். அதன்மேல் புதிதாக எதையும் போடவும் முடியாது. மொழிபெயர்ப்பை மூல நகலோடு நூலால் தைத்து, பின்புறம் முடிச்சின்மேல் காகிதம் ஒட்டி முத்திரை வைத்திருப்பார்கள். ஸ்கேன் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று அந்தத் தையலைப் பிரித்தால் சான்று செத்துவிட்டது. தைத்தபடியே பக்கம் பக்கமாகத் திருப்பி, பின்பக்க முடிச்சையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

அபோஸ்டில் கையெழுத்து மெய் என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பது மெய்யா என்று தெரிந்துகொள்ளக் கவுன்சில் பல்கலைக்கழகத்துக்கோ தூதரகத்துக்கோ தனியாக எழுதலாம். அந்தப் பதில் நேராக அவர்களுக்குத்தான் போக வேண்டும். நடுவில் நீங்கள் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதற்கு மதிப்பில்லை.

எத்தனை நாள் அங்கே இருந்தீர்கள்?

பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் கேட்பது இதற்காக. வெற்றுப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். நடுவில் இரண்டு பக்கம் விட்டால், மறைத்ததாகவே நினைப்பார்கள். இடையில் பாஸ்போர்ட் மாறியிருந்தால் இரண்டும் வேண்டும்.

ஒரு வேலையை அவர்களுக்கு முன் நீங்கள் செய்துவிடுங்கள். ஒரே தாளில் ஓர் அட்டவணை: இந்தியாவை விட்டுப் போன தேதி, அந்த நாட்டில் நுழைந்த தேதி, வெளியேறிய தேதி, இந்தியா வந்த தேதி, முத்திரை எந்தப் பக்கத்தில், வந்த காரணம். கடைசியில் ஆண்டுவாரியாக அங்கே இருந்த நாட்கள். மங்கிய முத்திரைகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்திய முத்திரைகள் இவற்றைப் படிக்கக் கவுன்சில் ஊழியர் படும் பாட்டை அது குறைக்கும். கூட்டலில் வரும் இடைவெளியும் அப்போதே உங்கள் கண்ணில் படும். ஜூலை, ஆகஸ்டில் ஊருக்கு வந்தது விடுமுறை. கல்லூரியின் கல்வியாண்டு நாட்காட்டி அதைக் காட்டினால் பிரச்சினையே இல்லை. நவம்பரில் இரண்டு மாதம் ஊரில் இருந்திருந்தால் காரணம் எழுத வேண்டும்.

பாஸ்போர்ட் தொலைந்தவர்கள் போலீஸ் புகார் நகல், விசா நகல்கள், விமான டிக்கெட்டுகள், ஆண்டுவாரி வருகைச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து அந்தக் காலத்தை நிரப்ப வேண்டியிருக்கும்.

2020 மார்ச் 23 முதல் சர்வதேச விமானங்கள் நின்றுபோனதால், அப்போது படித்தவர்கள் எல்லோருடைய அட்டவணையிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கும். அதைப் பூசி மெழுக வேண்டாம். எந்த செமஸ்டர் ஆன்லைனில் நடந்தது, அதற்கு ஈடாக நேரில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பாடங்களுக்கு, எத்தனை மணி நேரம் வகுப்பு நடந்தது என்று பல்கலைக்கழகம் சொல்ல வேண்டும். "ஈடுசெய்யப்பட்டது" என்ற ஒற்றை வரிக் கடிதம் பாஸ்போர்ட் முத்திரையோடு ஒத்துப்போகாவிட்டால் இருந்த நம்பிக்கையும் போய்விடும். ஈடுசெய்த காலத்தில் நீங்கள் இந்தியாவில் இருந்ததாக முத்திரை சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசி ஆண்டில் போரோ கோவிடோ காரணமாகத் திரும்பி, 2022 ஜூன் 30-க்குள் பட்டம் பெற்றவர்களைத் தேர்வு எழுத அனுமதித்த தேசிய மருத்துவ ஆணையம், அவர்களுக்கு இந்தியாவில் இன்டர்ன்ஷிப்பை 2 ஆண்டாக்கியது. உக்ரைனிலிருந்து வேறு நாட்டுக் கல்லூரிக்கு அகாடமிக் மொபிலிட்டி (தற்காலிக இடமாற்றப் படிப்பு) வழியாகப் போனவர்கள், பட்டம் தாய்ப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மொபிலிட்டி ஒப்பந்தக் கடிதம், படித்த கல்லூரியின் வருகைச் சான்று, அந்த நாட்டு விசா ஆகியவற்றையும் சேர்த்தே கொடுங்கள்.

"இன்டர்ன்ஷிப் எங்கே?" என்று கேட்டால்

ஆறு ஆண்டுப் படிப்புள்ள நாடுகளில் பயிற்சிக் காலம் படிப்புக்குள்ளேயே கலந்து இருக்கும். இந்தியாவைப் போலப் பரீட்சை முடித்தபின் தனி ஓர் ஆண்டாக இருப்பதில்லை. ரஷ்யாவில் அதற்குப் பெயர் ப்ராயிஸ்வோத்ஸ்த்வென்னயா ப்ராக்திகா. மருத்துவம் தெரியாத மொழிபெயர்ப்பாளர் இதைத் "தொழிற்சாலைப் பயிற்சி" என்று பொருள்படும் ஆங்கிலத்தில் எழுதிவிடுவார். சென்னையில் அதைப் படிப்பவர், இவர் எந்தத் தொழிற்சாலைக்குப் போனார் என்று திகைத்து, இன்டர்ன்ஷிப் சான்று கேட்பார். மருத்துவமனைப் பயிற்சி என்று திருத்தி வாங்குங்கள். அதோடு எந்த மருத்துவமனை, எந்தத் துறையில் எத்தனை வாரம், தொடக்க தேதி, முடிவு தேதி என்று பிரித்த கடிதமும் வேண்டும். 2021 விதிக்குள் வருபவர்களுக்கு 54-ம் 12-ம் தனித்தனியே தெரிய வேண்டும். 66 என்று மொத்தமாகச் சொன்னால் மறுகேள்வி நிச்சயம்.

மதிப்பெண் இணைப்பில் சதவீதம் இருக்காது. 5, 4, 3 என்ற தரமும், வெறும் "தேர்ச்சி" என்ற சொல்லும் இருக்கும். ரஷ்யாவில் 6 ஆண்டுப் படிப்புக்கு 360 கிரெடிட். ஒரு கிரெடிட் 36 கல்வி மணி. ஒரு கல்வி மணி 45 நிமிடம். படிவத்தில் சதவீதம் கேட்டால் நீங்களாகப் பெருக்கிப் போடாதீர்கள். பல்கலைக்கழகம் மாற்றித் தந்தால் போடலாம். இல்லையென்றால் தர முறையை விளக்கும் அவர்களுடைய குறிப்பை இணைத்து, கட்டத்தில் "தர முறை, இணைப்பு காண்க" என்று எழுதலாம்.

குறிப்பு வந்த அன்று செய்ய வேண்டியவை

கடைசித் தேதியை முதலில் பாருங்கள். பிறகு குறிப்பை வரி வரியாக ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது மூன்று கேள்விகளில் எதைக் கேட்கிறது என்று குறியுங்கள்: ஆளா, மூலமா, காலமா? "பட்டச் சான்று தெளிவில்லை" என்ற வரிக்கு ஸ்கேன் மங்கல் என்றும் பொருள் இருக்கலாம், பெயர் பொருந்தவில்லை என்றும் இருக்கலாம். புரியாவிட்டால் விண்ணப்ப எண்ணோடு நேரில் போய்க் கேளுங்கள், ஊகித்து அனுப்பாதீர்கள்.

பதிலுக்கு ஒரு முகப்புக் கடிதம் எழுதுங்கள். மேலே விண்ணப்ப எண், குறிப்பின் தேதி. கீழே அவர்கள் கேட்ட அதே வரிசையில், அவர்களுடைய எண்ணையே போட்டு, "1-க்குப் பதில்: இணைப்பு 1, பக்கம் 1 முதல் 4" என்று போகட்டும். கதை சொல்ல வேண்டாம். குடும்பக் கஷ்டம், பட்ட பாடு எதுவும் பதிவேட்டுக்கு உதவாது. ஃபைலில் கண் ஓடும் வேகத்தைத்தான் குறைக்கும்.

ஸ்கேனைக் கலரில், 300 டி.பி.ஐ.-ல், இரு பக்கமும் எடுங்கள். செல்போனில் சாய்த்து எடுத்த படத்தில் முத்திரையின் ஓரம் வெட்டுப்படும். ஓர் ஆவணத்துக்கு ஒரு பி.டி.எஃப். மூலம், அபோஸ்டில், மொழிபெயர்ப்பு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அதே கோப்பில் இருக்கட்டும். முத்திரையில் உள்ள எழுத்துகளும் மொழிபெயர்க்கப்பட்டிருக்க வேண்டும்; பல மொழிபெயர்ப்புகளில் "முத்திரை உள்ளது" என்று மட்டும் போட்டு விட்டுவிடுகிறார்கள்.

கேட்காததையும் அள்ளிப் போடுவதா? பொதுவாக வேண்டாம். கூடுதல் காகிதம் ஒவ்வொன்றும் இன்னொரு பெயர், இன்னொரு தேதி. முரண்படுவதற்கு இன்னோர் இடம். ஆனால் ஏற்கெனவே கண்ணில் படும் முரணை விளக்கும் காகிதத்தை மட்டும் கேட்கும்முன்பே வைத்துவிடுங்கள்.

ஐந்தில் நான்கு கையில் இருக்கிறது, ஐந்தாவது பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும் என்றால், நான்கையும் அனுப்பி, ஐந்தாவதற்கு விண்ணப்பித்த மின்னஞ்சலின் நகலை இணைத்து, எழுத்தில் அவகாசம் கேளுங்கள். மௌனமாகக் கடைசித் தேதியைத் தாண்டவிடுவதுதான் மோசம். எது அனுப்பினாலும் ஒப்புகை வாங்கி வையுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை குத்தி வாங்குங்கள்.

பல்கலைக்கழகம் பதில் சொல்லாவிட்டால்

ஜூலை, ஆகஸ்டில் பல நாடுகளில் அலுவலகமே தூங்கும். அந்த மாதங்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். மின்னஞ்சலை டீன் அலுவலகம், சர்வதேச மாணவர் பிரிவு, ஆவணக் காப்பகம் மூன்றுக்கும் அனுப்புங்கள். அந்த நாட்டு மொழியிலும் ஒரு வடிவம் எழுதுங்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் திறக்கும்வரை அது கிடப்பில் கிடக்கக் கூடாது. உங்கள் முழுப் பெயர் அந்த மொழி எழுத்தில், சேர்ந்த ஆண்டு, குழு எண், பட்ட எண், பாஸ்போர்ட் எண், கடிதத்தில் வர வேண்டிய வாசகம் எல்லாம் அதிலேயே இருக்க வேண்டும். பதில் பல்கலைக்கழகத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வர வேண்டும். ஜிமெயிலிலிருந்து வரும் "உறுதிப்படுத்தல்" சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

அங்கே இருக்கும் ஜூனியர் ஒருவரைக் கொண்டு வாங்குவதானால் அதிகாரப் பத்திரம் தேவைப்படும். இங்கே நோட்டரி, மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில், அங்கே மொழிபெயர்ப்பு என்று நான்கு படி அதற்கு. ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே நம்பகமான ஒருவர் பெயரில் அங்குள்ள நோட்டரியிடம் எழுதி வைத்துவிட்டால் இந்த அலைச்சல் முழுதும் மிச்சம்.

ஒரிஜினல்களை எந்த ஏஜென்சியிடமும் விட்டுவைக்காதீர்கள். பணத் தகராறு வரும்போது அவை பணயமாகிவிடும். "எங்களுக்கு ஆள் இருக்கிறது, கடிதம் ரெடி பண்ணித் தருகிறோம்" என்பவரிடம் வாங்கிய ஒரு போலிக் கடிதம், மற்ற எல்லா உண்மையான காகிதங்களையும் சேர்த்து மூழ்கடிக்கும். தாமதமான உண்மைக் கடிதத்துக்கு அவகாசம் கேட்கலாம். போலி என்று தெரிந்தபின் எதையும் கேட்க முடியாது.

தற்காலிகப் பதிவு கிடைத்ததும் சான்றிதழில் உள்ள பெயர், பிறந்த தேதி, பட்டத்தின் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர் நான்கையும் கவுன்டரை விட்டு நகரும் முன் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். இன்டர்ன்ஷிப் முடிவுச் சான்று இந்தப் பெயரில்தான் வரும். நிரந்தரப் பதிவும் அதன்படிதான். அனுப்பிய முகப்புக் கடிதங்கள், ஒப்புகைகள், ஸ்கேன்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்து, அதே வரிசையில் ஒரு பென் டிரைவிலும் போட்டுவிடுங்கள். மூன்றாவது வாசலில் மறுபடி அவை தேவைப்படும்.